மாத்திரைக்குப் பேர் என்ன

ருக்குமணி அக்கா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். விழுங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. "முழுங்கு கண்ணு, கொஞ்ச நேரத்துல வலி இருந்த எடந் தெரியாது." தெரியாதுதான், இங்கே எதுவுமே தெரியாது, அதுதானே கோளாறு, என்று நினைத்துக்கொண்டே கோகிலவாணி விரல்களை மடக்கினாள். அடிவயிறு ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. "எச்சில் ஊறட்டுங்க்கா, தொண்டை காஞ்சு கெடக்குது." தண்ணீர் கேட்க முடியாது. மெஷின் பக்கம் பாட்டில் வரக்கூடாது, ஒரு சொட்டு சிந்தினால் துணியில் கறை, கறை விழுந்த துணி கப்பல் ஏறாது. அதனால் இந்தப் பனியன் கம்பெனியில் பெண்கள் மாத்திரையை எச்சிலோடு விழுங்கப் பழகியிருக்கிறார்கள், கசப்பு நாக்கின் வேரில் ஒட்டிக்கொண்டு சாப்பாட்டு மணி வரைக்கும் போகாது. அவளும் அப்படித்தான் விழுங்கியிருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே, மாதாமாதம், சில மாதம் அதற்கு மேலும், ஒரு கேள்வி கேட்காமல், கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி கையை நீட்டி. இன்றைக்குக் கையை நீட்டியது விழுங்க அல்ல. அட்டையைப் பார்க்க. மாத்திரை அடைத்து வருமே, பளபளவென்று, முதுகில் பேர் அச்சடித்த அட்டை, அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வலி கிளம்பியதும் அக்காவைக் கூப்பிட்டாள். வரிசையை மேய்க்கிற அக்கா எப்போதும்போல இடுப்பில் செருகியிருந்த மிட்டாய் டப்பாவைத் திறந்தாள், உள்ளே எல்லாம் உதிரி, ஒன்றை எடுத்தாள், வைத்தாள், மூடினாள். "இதுக்கு அட்டை இல்லீங்களாக்கா?" "ஏன், அட்டையத் திங்கப் போறியா? முழுங்கு." அதற்குள் வரிசையின் கோடியிலிருந்து யாரோ நூல் அறுந்துபோச்சு என்று கூப்பிட, அக்கா விரலை ஆட்டிக்கொண்டே போனாள். "நான் திரும்பி வரும்போது அது கையில இருக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

கையில் இருக்கத்தான் செய்தது. இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் மாத்திரையைப் பிடித்துக்கொள்ள, மிச்ச விரல்களால் அவள் லேபிள் வைத்துத் தைத்தாள். அதுதான் அவள் வேலை. முழுதாக ஒரு சட்டையை அவள் தைத்ததில்லை, யாரும் தைப்பதில்லை, ஒருத்தி தோள், ஒருத்தி கை, ஒருத்தி கழுத்துப் பட்டி, கோகிலவாணிக்கு லேபிள். குழந்தைச் சட்டை, மஞ்சள் துணியில் வாத்து வாத்தாக அச்சு, இடுப்புப் பக்கத் தையலுக்குள் ஒரு வெள்ளை நாடாவை மடித்து வைத்து மிதியை அழுத்தினால் டர்ரென்று ஒரு ஓட்டம், வெட்டு, அடுத்தது. அந்த நாடாவில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, நாலைந்து பாஷையில். என்ன எழுதியிருக்கிறது என்று செக்கிங்கில் இருக்கிற பெண் ஒருநாள் படித்துச் சொன்னாள். இது இத்தனை பங்கு பருத்தி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அலச வேண்டும், வெளுப்பான் போடக்கூடாது, நிழலில் உலர்த்த வேண்டும், நெருப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அன்றைக்குக் கோகிலவாணி சிரித்தாள். துணி துவைக்கவா இத்தனை பாடம், வெள்ளைக்காரன் பிள்ளை பெற்றால் சட்டையே பள்ளிக்கூடம் நடத்துதே என்று கேலி பேசினாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, வயிற்றெரிச்சல் வந்தது. ஒரு முழம் துணிக்கு அப்பன் பேர், ஆயா பேர், பிறந்த ஊர், என்ன செய்தால் கெடும், எது பட்டால் நையும் என்று இத்தனை எழுத்து. வயிற்றுக்குள் போகிற மாத்திரைக்கு ஒரு எழுத்துக் கிடையாது. வெள்ளை, வட்டம், நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கமும் ஒன்றுமில்லை, அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. டர்ர், வெட்டு, அடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா கேட்டது இதைத்தானே. "பேர் தெரியாமலா இத்தனை வருசம் முழுங்கினே? சோத்துல ஊத்துறது என்ன குழம்புன்னு பார்க்காம சாப்பிடுவியாம்மா நீ?" சாப்பிடமாட்டாள்தான். குழம்பில் ஒரு முடி கிடந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறவள்தான். ஆனால் குழம்பு ஊற்றுகிறவள் பக்கத்தில் நின்று முழுங்கு முழுங்கு என்று சொல்வதில்லையே, முழுங்காவிட்டால் வீட்டுக்குப் போ, நாளைக்கு வராதே என்று சொல்வதில்லையே. இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை, வெளியில் கூட்டம் காத்திருந்தது, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் படி இறங்கும்போதுதான் வருகிறது, என்ன எழவு மூளையோ.

வலி ஒரு சுற்று வந்து அடங்கியது. அடங்கும்போது பயம் ஏறியது. வலியைவிட அதுதான் மோசம். நாள் தள்ளிப்போயிருந்தது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரன் தனசேகரிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் மாமியாருக்குப் போகும், மாமியாருக்குப் போனால் குலதெய்வத்துக்குப் போகும், பிறகு போன தடவை மாதிரி ஆனால் எல்லோருக்கும் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். போன தடவை. அதை நினைக்கக்கூடாது என்று மனசை இழுத்தாள், இழுக்க இழுக்க அது செக்குமாடு மாதிரி அதையே சுற்றியது. போன வருசம் ஆடியில் இடுப்பு வலி என்று அக்காவிடம் சொன்னாள், அக்கா கொடுத்தாள், விழுங்கினாள். மறுபடி வலி, மறுபடி கொடுத்தாள். உள்ளே ஒன்று முளைத்திருந்தது அவளுக்கே தெரியாது. பிறகு ஒருநாள் கம்பெனிக் கழிப்பறையில், டோக்கன் வாங்கிக்கொண்டு போன இடத்தில், கதவுக்கு வெளியே இன்னொருத்தி தட்டிக்கொண்டே நிற்க, எல்லாம் முடிந்தது. முடிந்ததும் வந்து உட்கார்ந்து லேபிள் தைத்தாள். தைத்தாளே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை, எழுந்து நடந்து வீட்டுக்குப் போகாமல் அந்தக் கை எப்படித் தைத்தது. மாமியார் பப்பாளி தின்றாயா என்று கேட்டாள். அன்னாசி? எள்ளுருண்டை? வண்டியில் குலுங்கிக்கொண்டு போனாயா? அத்தனைக்கும் இல்லை இல்லை என்று சொன்னாள். மாத்திரை தின்றாயா என்று மாமியார் கேட்கவில்லை, மாத்திரை எப்படிக் கெடுக்கும், மாத்திரை என்றால் நல்லது செய்வது. டாக்டரம்மா மட்டும்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, அதனாலேதான் ஆச்சு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வலிக்குப் போடுறதுல சிலது கர்ப்பத்துல ஆகவே ஆகாது. உதிரத்தை நிறுத்துறது, நாளைத் தள்ளிப்போடுறது, அது வேற வகை. நீ முழுங்கினது எதுன்னு தெரியாம நான் எதைம்மா சொல்றது? அட்டையைக் கொண்டா. இனி நாள் தள்ளினா எதையும் வாயில போட்டுக்காதே, நேரா என்கிட்ட வா." அதுவா, அது இல்லையா. அதுவாக இருந்தால் ஒரு விதம், இல்லாவிட்டால் ஒரு விதம், எதுவோ ஒன்றாக இருந்தால் அழுது தீர்த்துவிட்டு எழுந்திருக்கலாம். அதுவா, அது இல்லையா, ஊசி மேலும் கீழும் போகிற மாதிரி மனசு அதிலேயே போய்ப் போய்க் குத்தியது.

நேராக வா என்றாள் டாக்டரம்மா. நாளைக் காலையில் இவள் போகிறாள். ஆனால் வாயில் போட்டாகிவிட்டதே. போன வாரம்தான், நாள் கணக்கை நினைக்காமல், முதுகு கழன்று விழுகிற மாதிரி இருந்த ஒரு சாயங்காலம், அக்கா "மூஞ்சியப் பாரு, இந்தா" என்று நீட்ட, கை தானாகப் போய் வாங்கி, வாய் தானாகத் திறந்து. பழக்கம். வீட்டுக்குப் போகும்போது வண்டியில் விரல் மடக்கி எண்ணிப் பார்த்துத்தான் திக்கென்றது. ஆக, உள்ளே ஒன்று இருந்தால் அதன் கூடவே அதுவும் உள்ளே போயிருக்கிறது. நாளைக்கு டாக்டரம்மா முதல் கேள்வியாக, பேர் கொண்டுவந்தியா என்பாள். இந்த மாத்திரையையே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று தோன்றும், அதையும்தான் செய்து பார்த்தாயிற்று. ஒரு தடவை ஜாக்கெட்டுக்குள் ஒளித்து எடுத்துப் போனாள், வியர்வையில் கரைந்து மாவாகப் போனது. இன்னொரு தடவை வேஸ்ட் துணியில் சுற்றி எடுத்துப் போய் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல்காரனிடம் காட்டினாள். அவன் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "வெள்ளையா இருந்தா என்னன்னுங்க சொல்றது? கடையில பாதி மாத்திரை வெள்ளைதான்." பிறகு குரலை இறக்கி, "எதுக்கும் ரெண்டு நாள் போட்டுப் பாருங்களேன்" என்றான். போட்டுப் பார்ப்பதாம். போட்டுப் பார்க்க இது என்ன புது வளையலா. இவள் வயிறு என்ன ஊர்ப் பொதுக் கிணறா, ஆளாளுக்கு எதையாவது போட்டுப் பார்க்க. நினைக்க நினைக்க மெஷின் வேகம் ஏறியது, நாடா ஒன்று கோணலாகப் போயிற்று, பிரித்தாள், மறுபடி வைத்தாள். பக்கத்து மெஷினில் பினோதினி, ஒடிசாக்காரப் பெண், கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறவள், திரும்பிப் பார்த்து, "அக்கா, ஜாஸ்தி வலி?" என்று கேட்டாள். வந்து இறங்கிய மாதமே தமிழில் அவள் கற்றுக்கொண்ட முதல் வார்த்தைகள் வலி, மாத்திரை, சீக்கிரம். அவளுக்குக் கேட்காமலே மாத்திரை. கல்யாணமாகாத பிள்ளை, உடம்பில் சதையே இல்லை, அதன் வயிற்றில் என்னென்ன வற்றிப்போகிறதோ.

இது மட்டும் தானாகவா முளைத்தது, இந்த மாத்திரை. எங்கேயோ ஒரு கம்பெனி இருக்கும். இந்தக் கம்பெனி மாதிரியே தகரக் கூரை, வரிசை வரிசையாக மெஷின், தலைக்குத் துணி கட்டிய பெண்கள், ஒருத்தி மாவு கொட்ட, ஒருத்தி அச்சு பார்க்க, ஒருத்தி அட்டையில் அடைக்க. அங்கேயும் பேர் ஒட்டுகிற வேலைக்கு ஒருத்தி இருப்பாள். அவள் ஒட்டாமலா விட்டாள்? ஒட்டியிருப்பாள், ஒழுங்காக ஒட்டியிருப்பாள், இடையில் எந்தப் புண்ணியவானோ அதைக் கிழித்துப்போட்டுவிட்டு உதிரியாகக் கொட்டி அனுப்பியிருக்கிறான். ஏன் கிழித்தான். நல்ல சரக்கை எவனாவது பேரைக் கிழித்துவிட்டு விற்பானா. நாள் கடந்ததா. வேறு ஊரில் வேண்டாம் என்று தள்ளியதா. தனசேகர் ராத்திரி படுத்துக்கொண்டு போனைத் தேய்த்துக்கொண்டே சொல்வான், அங்கே மருந்து குடித்துப் பிள்ளைகள் போய்விட்டதாம், இங்கே ஊசி போட்டுக் கண் போய்விட்டதாம், கடையைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டார்களாம். நிஜமோ பொய்யோ, நாலு நாள் பேச்சு, அப்புறம் வேறொரு செய்தி வரும், சீலை எவன் எப்போது உடைத்தான் என்று செய்தி வராது. "பெரிய கம்பெனிக்காரன் தப்பான மருந்தா செய்வான், எல்லாம் சும்மா கெளப்பி விடறதுடி" என்று அவனே முடித்தும் விடுவான். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும், அவனுக்கு மாதாமாதம் வயிறு முறுக்கினால் போனைத் தேய்ப்பானா என்று பார்க்கலாம். பெரிய கம்பெனியாம். பெரிய கம்பெனி என்றால் பேர் போடத் தெரியாதா. கோபம் இப்போது வலியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, அது ஒரு விதத்தில் சௌகரியமாக இருந்தது, கோபம் வரும்போது வயிறு கொஞ்சம் மறந்துபோகிறது. யார் மேல் கோபம் என்று பார்த்தால் எல்லோரையும் விட்டுவிட்டு ருக்குமணி அக்காதான் முன்னால் வந்து நின்றாள், அவள்தான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறாள். மிட்டாய் டப்பா, முழுங்கு கண்ணு, அந்தக் கண்ணும் வேண்டாம், அம்மிணி என்கிற கொஞ்சலும் வேண்டாம். வேலை ஓடவேண்டும் என்பதற்காக ஊட்டுகிற சோறு. உழவு மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கிறவன்கூட, வைப்பதற்கு முன்னால் ஒரு கை எடுத்து மோந்து பார்ப்பான்.

அடுத்த வலி சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. முதுகிலிருந்து கிளம்பித் தொடையில் இறங்கியது, கால் தன் இஷ்டத்துக்கு மிதியை அழுத்திற்று, துணி கோணிக்கொண்டு ஓட, டக் என்று ஒரு சத்தம். ஊசி உடைந்துவிட்டது. மெஷின் நின்றது. சீலை ரத்தத்தில் நனைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள், நனையவில்லை, நனையவில்லை என்பதில் சந்தோசப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அதற்குள் பினோதினி "ஊசி! ஊசி!" என்று கத்திவிட்டாள். கத்தத்தான் வேண்டும், சட்டம் அப்படி. இந்தக் கம்பெனியில் ஆள் மயங்கி விழுந்தால் வரிசை நிற்காது, ஊசி உடைந்தால் நிற்கும். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, காகிதத்தில் வைத்து ஒட்டி, முழு ஊசியாகச் சேர்த்துக் காட்ட வேண்டும், ஒரு முனை குறைந்தாலும் புது ஊசி கிடையாது, அந்த வரிசையில் இருக்கிற ஒரு துணி நகராது. ஏனென்றால் அந்த முனை ஏதாவது ஒரு வாத்துச் சட்டையின் மடிப்பில் போய் உட்கார்ந்துகொண்டால், கடல் தாண்டி ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு குழந்தையைக் குத்திவிடும். குத்தக்கூடாதுதான். அவளுக்கும் அதில் சம்மதம்தான், குழந்தையைக் குத்தக்கூடாது. அக்கா ஓடி வந்தாள், காந்தக் கட்டையைத் தரையில் தேய்த்தாள், வரிசையே மண்டி போட்டது, பெண்கள் துணியை ஒவ்வொன்றாக உதறி, மேசையைத் தடவி, கீழே படுத்து, சாமி குத்தம் ஆகிவிட்ட மாதிரி தேடினார்கள். அடிப்பாகம் மெஷினிலேயே இருந்தது, நடுத்துண்டு காந்தத்தில் ஒட்டியது, முனையைக் காணோம். சாயங்காலம் கன்டெய்னர் கிளம்ப வேண்டும், அக்காவின் நெற்றியில் வேர்வை, "அய்யோ, என்ற தலையெழுத்து" என்று முனகிக்கொண்டே தேடினாள். கோகிலவாணி மட்டும் தேடவில்லை. அவள் மடியில், மஞ்சள் துணியின் ஓரத்தில், அரிசி நொய் அளவுக்கு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். வலது கையின் இரண்டு விரலால் எடுத்தாள். "அக்கா, இதோ" என்று சொல்ல வாய் திறந்தவள், சொல்லவில்லை. வலது கையை மூடிக்கொண்டாள். பினோதினி மேசைக்கு அடியிலிருந்து பார்த்துவிட்டாள், கண்ணோடு கண் பார்த்தாள், பிறகு குனிந்து, இல்லாததை மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள்.

"அக்கா," என்றாள் கோகிலவாணி. குரல் தன்னுடையதாகவே இல்லை, சமையற்கட்டில் பாத்திரம் விழுந்த மாதிரி இருந்தது. "இந்த மாத்திரைக்குப் பேர் என்னங்க்கா?"

அக்கா நிமிர்ந்தாள். நீட்டிய இடது கையில் வெள்ளை மாத்திரை, வேர்வையில் ஓரம் கரைந்து விரலெல்லாம் வெள்ளை. "ஏம்புள்ள, உனக்குப் பைத்தியமா? என்ன நேரத்துல என்ன கேக்கற? முழுங்கலையா நீ?"

"பேரச் சொல்லுங்க, முழுங்கறேன்."

"ஊசியத் தேடு முதல்ல."

"பேர் என்னங்க்கா?"

அக்கா கிட்டத்தில் வந்தாள், கையைப் பிடித்து மடக்கப் பார்த்தாள், முடியவில்லை, அப்புறம் காதோரம் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "எனக்கென்னடி தெரியும்? ஆபீஸ்ல இருந்து டப்பாவுல கொட்டித் தாராங்க. நானும்தான் போடறேன். கர்ப்பப்பைய எடுத்தப்புறமும் இடுப்பு வலிக்கு இதத்தான் போடறேன். யார்ட்டப் போயி நான் கேக்கறது?" அவ்வளவுதான். இவ்வளவு நேரமாக ஊதி ஊதி வளர்த்த கோபம் போய் இறங்க இடமில்லாமல் நின்றது. இந்தப் பொம்பளையைக் கடித்துக் குதறிவிடலாம் என்று இருந்தாள், குதற அங்கே ஒன்றுமில்லை, காலி டப்பா. பாவம் என்று தோன்றியது. பாவம் என்று தோன்றியதும் ஆத்திரம் இன்னும் அதிகமாயிற்று. தெரியாமல் கொடுத்தாயா, தெரியாமல் நீயும் தின்றாயா, தெரியாமலே எடுத்தும் போட்டுவிட்டார்களா உனக்கு. அக்காவுக்குத் தெரியாது, மெடிக்கல்காரனுக்குத் தெரியாது, டாக்டரம்மாவுக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாத ஒரு சாமான் இவள் வயிற்றுக்கு மட்டும் வழி தெரிந்து வந்துவிடுகிறது.

மெஷின்கள் ஓயவும், மேலே கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் ஹரிகிருஷ்ணன் இறங்கி வந்தார். அவர் இறங்கி வருவதே அபூர்வம், ஊசிக்குத்தான் வருவார். "என்ன, முனை கிடைக்கலையா? இந்த வரிசைத் துணி பூராவும் ஒதுக்கி வெச்சுட்டா சாயங்காலம் நான் எதை ஏத்துறது? யாரோட மெஷின்?"

"என்ற மெஷினுங்க சார்." கோகிலவாணி எழுந்து நின்றாள். எழுந்ததும் வலி காலை மடக்கப் பார்த்தது, மேசையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டாள். "முனை என்ற கையில இருக்குதுங்க."

"கையில வெச்சுக்கிட்டா இத்தனை பேரைத் தேடவிட்டே? கொடு."

அவள் இடது கையை நீட்டினாள். அவர் குனிந்து பார்த்து, ஊசியைக் காணாமல் நெற்றியைச் சுருக்கினார். "என்ன இது?"

"அதைத்தான் சார் நான் கேக்கறேன். இது என்னதுங்க? உங்க ஆபீஸ்ல இருந்துதான் வருது. இதோட பேரச் சொல்லுங்க, ஊசியத் தாரேன்."

"வலி மாத்திரைம்மா. எல்லாரும்தானே போடறாங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

யாருக்கு என்ன ஆச்சு. கழிப்பறைக் கதவு, அந்தத் தட்டல், திரும்பி வந்து உட்கார்ந்து தைத்த கை. இந்தத் தடவை படி இறங்கின பிறகு இல்லை, இங்கேயே, இப்போதே வாய் வந்தது. "எனக்கு ஆச்சு. போன வருசம் உங்க கக்கூஸ்ல ஆச்சு. இதனாலயான்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கறதுக்குப் பேர் வேணும். வலி மாத்திரைங்கறது பேர் இல்லீங்க. எனக்கு மறுபடி நாள் தள்ளியிருக்குது, போன வாரமும் இதை முழுங்கித் தொலைச்சிருக்கறேன், நாளைக்கு டாக்டரம்மா கேப்பாங்க. எங்கியோ இருக்கற புள்ளையக் குத்திருமுன்னு இத்தனை பேரு மண்டி போட்டுத் தேடறோமல்லங்க? என்ற புள்ளைக்கும் கொஞ்சம் தேடிச் சொல்லுங்க."

நாள் தள்ளியிருக்கிற சேதி, புருசனிடம்கூடச் சொல்லாதது, கம்பெனி பூராவுக்கும் தெரிந்துவிட்டது, போகட்டும். ருக்குமணி அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். மேனேஜர் குரலை மாற்றிக்கொண்டார், அந்தக் குரல் அவளுக்குத் தெரியும், சாயங்காலம் கணக்கை முடித்து அனுப்பிவிடுகிற குரல். "சரிம்மா, ஊசியைக் கொடுத்துட்டு ஆபீசுக்கு வா. உட்கார்ந்து பேசலாம்."

"இங்கியே சொல்லுங்க."

"கையைத் திற."

"பேரு."

அவர் அக்காவைப் பார்த்தார், அக்கா தரையைப் பார்த்தாள். அவர் போனை எடுத்தார். யாரையோ கூப்பிட்டு, திரும்பி நின்றுகொண்டு, தணிந்த குரலில், "நம்ம லேடீஸ்க்குக் குடுக்கிறோமே, அந்த வெள்ளை டேப்லெட், அது என்னது?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டார். "இல்ல, பேரு. பேரு என்ன?" அந்தப் பக்கம் யாரோ இன்னும் யாரையோ கேட்கப் போனார்கள் போலிருந்தது, அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கோகிலவாணியின் மூடிய கைக்குள் ஊசிமுனை சதையில் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கட்டும் என்று அவள் இன்னும் இறுக்கினாள்.